பாம்பும் வெப்பமானியும்

நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

தூத்துக்குடியில் நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டு வேலியில் ஒரு சிறு பச்சைப்பாம்பு சுற்றிக்கொண்டிருந்தது. 'கிட்டே போகாதே, கண்ணைக் கொத்தும்' என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். எனக்கோ அதை வளர்க்கவேண்டும் என்று ஆசை. ஒரு குச்சியால் மெல்லத் தூக்கி, காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் விட்டேன். மூச்சுவிட வேண்டுமே என்று மூடியில் ஆணியால் ஐந்தாறு துளைகளும் போட்டேன். பாம்புகள் வெயில் காயும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன் அல்லவா? ஆகவே பாட்டிலை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் நல்ல வெயிலில் வைத்துவிட்டு, அம்மா சொன்ன சாமானை வாங்கக் கடைக்குப் போனேன். அரைமணி நேரம் கழித்துத் திரும்பியபோது பாம்பு செத்துக் கிடந்தது.

துளைகள் போதாமல் மூச்சுமுட்டிச் செத்துவிட்டது என்றே பல ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இயற்பியல் படித்தபிறகுதான் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

நம் ஊர் நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் வினாடிக்கு ஏறக்குறைய 1000 ஜூல் ஆற்றல் விழுகிறது. பாட்டிலின் அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 20 சென்டிமீட்டர் என்று கொண்டால், அதன்மேல் விழுவது வினாடிக்குச் சுமார் 20 ஜூல். இதில் கால் பங்கை மட்டும் பாம்பின் உடல் ஏற்றது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 5 ஜூல். பாம்பின் எடை 50 கிராம். அதன் உடலில் பெரும்பகுதி நீர். ஆகவே 1 கிராமை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 3.5 ஜூல் வேண்டும். முழு உடலும் 1 டிகிரி சூடாக 175 ஜூல். 10 டிகிரி சூடாக 1750 ஜூல். 1750-ஐ 5-ஆல் வகுத்தால் 350 வினாடி. வெளியே கசியும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஆறு நிமிடத்திற்குள் அந்தப் பாம்பு 31 டிகிரியிலிருந்து 41 டிகிரிக்கு ஏறிவிடும்! பெரும்பாலான பாம்புகள் 40 டிகிரிக்கு மேற்பட்ட உடல் வெப்பத்தை நெடுநேரம் தாங்கமாட்டா. கண்ணாடிச் சுவர் ஒளியை உள்ளே விட்டது. சூடான காற்றை வெளியே போகவிடவில்லை. பாம்பு நகர்ந்துபோக நிழலும் இல்லை.

புத்தகம் சொன்னது பொய்யன்று. பாம்பு வெயில் காய்கிறது என்பதை மட்டும் படித்தேன். போதுமான அளவு காய்ந்ததும் நிழலுக்குப் போய்விடுகிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

சொந்த அடுப்பு இல்லாத உடல்

நம் உடலுக்குள் ஓர் அடுப்பு ஓயாமல் எரிகிறது. உணவே அதன் விறகு. வெளியே மழையானாலும் வெயிலானாலும் உடல் 37 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. பாம்பின் உடலில் இத்தகைய அடுப்பு இல்லை. அது தனக்கு வேண்டிய வெப்பத்தை வெயிலிலிருந்தும், சூடான மண்ணிலிருந்தும், பாறையிலிருந்தும் பெறுகிறது. 'குளிர் இரத்தப் பிராணி' என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் வெயில் காய்ந்த பாம்பின் இரத்தம் குளிர்ந்திருப்பதில்லை. 'மாறு வெப்பநிலைப் பிராணி' என்பதே பொருத்தமான பெயர்.

இதில் ஒரு பெரிய சிக்கனம் உண்டு. ஒரு கிலோ எடையுள்ள முயல் சும்மா உட்கார்ந்திருக்கவே ஏறக்குறைய 3 வாட் ஆற்றலைச் செலவிடுகிறது. அதே எடையுள்ள பாம்பு அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் செலவிடுகிறது. ஆகையால்தான் ஒரு எலியைத் தின்றுவிட்டுப் பாம்பால் பல நாள் பட்டினி கிடக்க முடிகிறது. ஆனால் தின்ற எலி செரிக்கவேண்டுமானால் உடல் சூடாக வேண்டும். சூடு போதாவிட்டால் இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும்.

நண்பகலில் உப்பள வரப்பில் பாம்பைக் காண்பது அரிது. விடியற்காலையிலும் மாலையிலும்தான் அது வெளியே வரும். நடுப்பகலில் எலி வளைக்குள் புகுந்துகொள்ளும். வெயிலுக்கும் வளைக்கும் இடையே மாறிமாறிப் போவதுதான் பாம்பு தன் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் வழி.

கிங் ஸ்நேக் வளர்ப்பவர்கள் செய்வது என்ன?

வட அமெரிக்காவில் 'கிங் ஸ்நேக்' என்றொரு பாம்பு உண்டு. அரசப் பாம்பு எனலாம். நம் காடுகளில் வாழும் ராஜநாகம் வேறு, இது வேறு. இதற்கு நச்சுப்பல் இல்லை. இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். மற்றப் பாம்புகளையும், நஞ்சுள்ள கிலுகிலுப்பைப் பாம்பைக்கூட, பிடித்துத் தின்பதால் இந்தப் பெயர் வந்தது. அந்த நாட்டில் இதை வீட்டில் வளர்ப்பவர்கள் பலர்.

அவர்கள் முதலில் வாங்குவது உணவன்று, இரண்டு வெப்பமானிகள். நீளமான ஒரு பெட்டியின் ஒரு முனைக்கு அடியில் சூடேற்றும் தகடு வைக்கிறார்கள். அந்த முனை 30 டிகிரியை ஒட்டியும், மறுமுனை 22 முதல் 24 டிகிரி வரையும் இருக்கவேண்டும். தகடு அளவுக்கு மேல் சூடாகாதபடி ஒரு வெப்பநிலைக் கட்டுப்படுத்தி காவல் செய்கிறது. இரு முனைகளிலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் உண்டு. ஏன் இரண்டு? மறைவிடம் ஒன்றே என்றால், பயந்த பாம்பு சூட்டையும் குளிரையும் பாராமல் அதற்குள்ளேயே கிடந்துவிடும். பாதுகாப்பா, சரியான வெப்பமா என்று அது திண்டாடக்கூடாது.

மற்றவை எளியவை. குடிக்கவும், தோல் உரிக்கும் காலத்தில் நனையவும் ஒரு தண்ணீர்க் கிண்ணம்; குட்டிக்கு வாரம் ஒரு சிறு சுண்டெலி, வளர்ந்த பாம்புக்குப் பத்துப் பதினான்கு நாளுக்கு ஒரு முறை; இடுக்கில்லாத, பூட்டக்கூடிய மூடி. ஒரு பெட்டிக்கு ஒரே பாம்பு. இரண்டை வைத்தால் ஒன்று மற்றதை விழுங்கிவிடலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கலாம். இவ்வளவையும் பதினைந்து, இருபது ஆண்டுகள் விடாமல் செய்யவேண்டும். நன்கு பேணப்படும் கிங் ஸ்நேக் அவ்வளவு காலம் வாழும்.

அதே பெட்டி தூத்துக்குடியில்

இப்போது அந்தப் பெட்டியை மே மாதத்தில் நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். வெளியே 37, 38 டிகிரி. அறைக்குள் மின்விசிறி சுழன்றாலும் 33 டிகிரிக்குக் குறைவதில்லை. சூடான முனைக்குத் தகடே தேவையில்லை. ஆனால் 24 டிகிரி மறுமுனைக்கு எங்கே போவது?

வெப்பத்தைக் கொடுப்பது மிக எளிது. ஒரு பழைய குண்டு பல்பு போதும். வெப்பத்தை எடுப்பதுதான் கடினம். வெப்பம் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குத்தான் பாயும். அதை எதிர்த்திசையில் தள்ள ஓர் இயந்திரமும், அதற்கு ஓயாத மின்சாரமும் வேண்டும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்று மேல்வகுப்பில் நீங்கள் படிக்கப்போவது இதைத்தான்.

சரி, குளிர்சாதனம் வைத்துவிட்டோம்; மின்சாரம் நின்றுவிட்டால்? குளிர்நாட்டு வீட்டில் தகடு நின்றால் பெட்டி மெல்ல 20 டிகிரிக்கு இறங்கும். பாம்பு மந்தமாகச் சுருண்டு கிடக்கும், அவ்வளவே. அதன் தாயகத்திலும் அது குளிர்காலத்தை அப்படித்தான் கழிக்கிறது. இங்கே குளிர்சாதனம் நின்றால் பெட்டி மேலே ஏறும். மிதமான குளிர் பாம்பை உறங்கவைக்கும். மிகுந்த வெப்பம் கொன்றுவிடும்.

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கலிபோர்னியா கிங் ஸ்நேக் பலவற்றின் உடல் கறுப்பு. அதில் வெள்ளைப் பட்டைகள். இப்படங்களைக் கைப்பேசியில் பார்த்துப் பழகிய கண், நம் ஊரில் பளபளக்கும் கருநிறத்தில் வெள்ளைக் கோடுகளுடன் ஊரும் ஒன்றைக் கண்டால் என்ன நினைக்கும்? அது கட்டுவிரியன். கொடிய நஞ்சுள்ளது. இரவில் கடித்தால் பல வேளைகளில் வலியே தெரியாது. பட்டையை எண்ணிப் பாம்பை அடையாளம் காணலாம் என்று ஒருபோதும் நம்பாதீர்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். வெளிநாட்டுப் பிராணிகளையும் அனுமதியின்றிக் கொண்டுவர முடியாது. 2023 ஏப்ரலில் சென்னை விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் சிக்கின. பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வெயிலும் இல்லை, வளையும் இல்லை. என் ஹார்லிக்ஸ் பாட்டில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இருளர்களின் மண்பானை

அப்படியானால் நம் நாட்டில் பாம்பை முறையாக வைத்துப் பேணுவோர் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். பாம்பு பிடிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள் இருளர்கள். பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதும் அவர்களுடைய பிழைப்புப் போயிற்று. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அது இயங்கிவருகிறது. வனத்துறையின் அனுமதியோடு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு வாரத்தில் மீண்டும் வெளியே விட்டுவிடுகிறார்கள். வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டியிருப்பதால் விட்ட பாம்பையே உடனே மறுபடி பிடிப்பதில்லை. பாம்புக்கடி மருந்து செய்ய நம் நாட்டில் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதி இவர்கள் எடுத்ததே. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவர்கள் பாம்பை எதில் வைக்கிறார்கள் தெரியுமா? மண்பானையில்! உள்ளே பாதியளவு மணல். வாயில் துணிக் கட்டு. பானை நிற்பது நிழலில். ஒளி உள்ளே நுழைவதில்லை. துணி வழியே காற்று போய்வருகிறது. மணல் வெப்பநிலையைச் சட்டென்று மாறவிடுவதில்லை. எலி வளையையே தூக்கிக்கொண்டு வந்து வைத்தாற்போல் இருக்கிறது அல்லவா? ஐந்தாறு துளை போட்ட கண்ணாடிப் பாட்டிலுக்கும் இதற்கும் உள்ள தூரம்தான், எனக்கும் இருளர்களுக்கும் உள்ள தூரம்.

நம் கடற்கரையிலும் இப்பாடம் உண்டு. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிப் பகுதியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். சிப்பிகளைக் கூண்டில் இட்டு, மிதவைகளிலிருந்து கடலுக்குள்ளேயே தொங்கவிட்டார்கள். ஒரு கிலோ நீரை 1 டிகிரி சூடாக்க 4200 ஜூல் வேண்டும். மணலுக்குச் சுமார் 800 போதும். ஆகவே கரைமணல் காலைச் சுடும் வேளையிலும் கடல் மிதமாகவே இருக்கிறது. இந்தச் சீரான சூட்டில் வாழ்வது சிப்பி மட்டுமன்று, கடல் பாம்பும்தான். அது சில வேளை மீன்வலையில் ஏறிவரும். நஞ்சுள்ளது, கையால் தொடாதீர்கள். வலையிழுக்கும் பெரியவர்கள் அதை மீண்டும் நீரில் சேர்த்துவிடட்டும்.

செய்து பாருங்கள்

வீட்டு முற்றத்திலோ கடற்கரையிலோ வெயில் விழும் மணற்பரப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியரிடம் கேட்டு ஓர் ஆய்வக வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். காலை 7 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 8 மணி ஆகிய மூன்று வேளையும் மேல்மணலின் வெப்பநிலையையும், ஒரு சாண் ஆழத்திலும் ஓரடி ஆழத்திலும் உள்ள வெப்பநிலையையும் அளந்து அட்டவணை எழுதுங்கள். குழியைக் கையால் தோண்டாமல் கரண்டியால் தோண்டுங்கள்; ஏற்கெனவே வளை உள்ள இடத்தைத் தொடவேண்டாம்.

பிற்பகலில் மேல்மணல் 50 டிகிரியைத் தாண்டக்கூடும். ஓரடி ஆழத்திலோ பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு ஏறக்குறைய மறைந்திருக்கும். அட்டவணையைப் பார்த்து ஒரு பாம்பு எந்த வேளையில் எங்கே இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். அதற்குப் பாம்பைப் பிடிக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அடிக்காமல், விலகி நின்று கண்ணால் கவனித்தபடி, தீயணைப்புத் துறைக்கு 101 எண்ணில் பெரியவர்களைத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். அது வேலியில் பச்சைப்பாம்பாக இருந்தால், சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். வெயில் ஏறஏற அது எந்தக் கிளையிலிருந்து எந்த இலை நிழலுக்குப் போகிறது என்று குறித்துவையுங்கள். ஆறாம் வகுப்பில் நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.