டிரெட்மில் மோட்டாரில் ஓடும் கடைசல் மெஷின்



அம்பாசமுத்திரம் மரச் சொப்பு, கர்நாடகத்துச் சென்னபட்டணா பொம்மை, இரண்டும் கடைசல் வேலைதான். மரத்தைச் சுழலவிட்டு உளியால் செதுக்குகிறோம். அரக்குக் குச்சியை அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே உருகி நிறம் ஏறிவிடும். இந்தத் தொழில் செய்ய நினைக்கும் குழுக்களுக்குத் தடையாக நிற்பது மெஷின் செலவு. அதில் மோட்டார் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு.

டிரெட்மில் என்பது நின்ற இடத்திலேயே நடக்கிற உடற்பயிற்சி மெஷின். டவுன் வீடுகளில் ஆசையாக வாங்கி, கொஞ்ச நாளில் துணி காயப்போட்டு, கடைசியில் காயலான் கடைக்கு வந்துவிடும். அதற்குள் நல்ல மோட்டார் இருக்கும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதுதான் நமக்கு லாபம்.

மோட்டாரை மட்டும் வாங்காதீங்க. அது டி.சி. மோட்டார். வீட்டு கரண்டை நேராகக் கொடுத்தால் ஓடாது, புகைந்துபோகும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டையும் சேர்த்துக் கேளுங்கள். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கரண்ட் இல்லாமல், மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் மோட்டார் நல்லது. லேசாகச் சுற்றினால் பிரஷ்ஷோ காயிலோ போயிருக்கும். மேலே ஒட்டியிருக்கும் குதிரைத்திறனை அப்படியே நம்ப வேண்டாம். கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும் அளவைத்தான் பல மெஷின்களில் பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வரவேண்டும் என்பது கடைசல் கணக்கு. 3 அங்குலக் கட்டைக்கு 2000 முதல் 3000 சுற்று, 6 அங்குலத்துக்கு 1000 முதல் 1500. உருண்டையாகாத கட்டையை இதைவிட மெதுவாகத்தான் தொடங்க வேண்டும். வேகம் குறைய மோட்டாரையே மெதுவாக ஓட்டினால் அதன் விசிறியும் மெதுவாகி, சூடேறிவிடும். மோட்டாரில் சின்னக் கப்பி, மெஷினில் பெரிய கப்பி போடுங்கள். 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்றால் வேகம் பாதியாகும், இழுவை இரட்டிப்பாகும். சில மோட்டார்களில் கனச் சக்கரம் மரை போட்டு மாட்டியிருக்கும். எதிர்ப்பக்கம் ஓடவிட்டால் கழன்று பறக்கும், ஜாக்கிரதை.

போர்டில் கை வைக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் அதில் கரண்ட் தங்கியிருக்கும். ஒயரிங்கை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். மோட்டார் உடம்புக்கும் மெஷினுக்கும் எர்த், லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., கை எட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்து பொத்தான் மூன்றும் கட்டாயம். கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணையுங்கள். திரும்ப வரும்போது தானாக ஓடினால் உளி கையைக் கிழித்துவிடும். முந்தானையை இழுத்துச் செருகி, கொண்டை போட்டு, கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்த பிறகுதான் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். இதில் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பெல்ட்டுக்கும் கப்பிக்கும் தகர மூடி போடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கிக் கடனுக்குப் பில் கேட்பார்கள், காயலான் கடையில் பில் கிடைப்பது கஷ்டம். அதனால் மோட்டாரைக் குழுவின் உள்கடனில் வாங்கி, தீர்மான நோட்டில் எழுதிவிடுவது நல்லது. வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தலாமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தூள்தான் இந்த மோட்டாருக்கு எமன். திறந்த அமைப்பு என்பதால் தூள் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். காற்று போக வழிவிட்டு, தூள் படாத பக்கத்தில் வையுங்கள், வாரம் ஒரு முறை ஊதிவிடுங்கள். கார்பன் பிரஷ் தேயும் சாமான். அதே அளவில் ஒரு ஜோடி வாங்கிக் கைவசம் வைத்திருங்கள்.