உங்க லேப்டாப்புக்கு எத்தனை பூட்டு?

போன செமஸ்டர் லீவு முடிஞ்சு திரும்பும்போது என் ரூம்மேட்டின் லேப்டாப் பை நைட் பஸ்ஸில் காணாமல் போய்விட்டது. சீட்டுக்கு மேலே வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். விடியக்காலையில் பார்த்தால் பையைக் காணோம். போலீஸில் புகாரும் கொடுத்தாச்சு, வீட்டில் திட்டும் வாங்கியாச்சு. ஆனாலும், "மெஷின் போனா போகுது மச்சி, பாஸ்வேர்டு போட்டிருக்கேன்ல, எவனும் உள்ள போக முடியாது"ன்னு தைரியமாத்தான் இருந்தான்.

எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. என் பழைய லேப்டாப்பை ஷட் டவுன் செய்து அவன் கையில் கொடுத்தேன். அதிலும் விண்டோஸ் பாஸ்வேர்டு உண்டு, அவனுக்கு அது தெரியாது. கூடவே உபுண்டு போட்ட ஒரு பென்டிரைவ். பென்டிரைவில் இருந்து பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டுவை ஓடவிட்டான். கொஞ்ச நேரத்திலேயே என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஆதார் ஸ்கேன், அம்மாவின் பாஸ்புக் போட்டோ எல்லாம் அவன் முன்னால் திறந்து கிடந்தது. அவன் முகமே மாறிடுச்சு. அன்றைக்கு ராத்திரியே இமெயில், பேங்க் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்ற உட்கார்ந்தோம்.

ஏன் இப்படி?

விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்பது விண்டோஸ். அந்த விண்டோஸையே எழுப்பாமல் வேறு ஓ.எஸ்.ஸை ஓடவிட்டால், கேட்பதற்கு அங்கே ஆளே இல்லை. வாசலில் வாட்ச்மேன் இருக்கார், கொல்லைக் கதவு திறந்து கிடக்கு, அவ்வளவுதான். அதனால் எந்த பாஸ்வேர்டு எந்தக் கதவைப் பூட்டுது என்று தெரிந்துகொண்டு போடணும்.

பூட்டு 1: பயாஸ் பாஸ்வேர்டு

ஆன் செய்ததும் எஃப்2, எஃப்10 அல்லது டெலிட் கீயை அழுத்தினால் (கம்பெனிக்கு கம்பெனி மாறும்) பயாஸ் செட்டப் வரும். அதில் செக்யூரிட்டி பகுதியில் பெரும்பாலும் இரண்டு பாஸ்வேர்டு இருக்கும்.

அட்மின் அல்லது சூப்பர்வைசர் பாஸ்வேர்டு: பயாஸ் செட்டிங்கை யாரும் மாற்றாமல் தடுக்கும்.

யூசர் அல்லது பவர்-ஆன் பாஸ்வேர்டு: ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், ஓ.எஸ். வருவதற்கு முன்பே கேட்கும்.

இரண்டையும் போடுங்க. அப்படியே யூஎஸ்பி பூட்டையும் ஆஃப் செய்யுங்க. இப்போது பென்டிரைவ் வித்தை பலிக்காது. டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி பயாஸ் பாஸ்வேர்டை அழிப்பதைப் பார்த்திருப்பீங்க. இப்போதைய பல லேப்டாப்களில் அது நடக்காது. பேட்டரியை எடுத்தாலும் அழியாத சிப்பில் பாஸ்வேர்டு இருக்கும். நீங்களே மறந்துட்டீங்கன்னா சர்வீஸ் சென்டர்தான், சில மாடல்களில் மதர்போர்டையே மாற்றணும்.

இதன் குறை என்ன? ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் பயாஸ் பாஸ்வேர்டால் ஒன்றும் செய்ய முடியாது.

பூட்டு 2: ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு

சில லேப்டாப்களின் பயாஸில் இதுவும் இருக்கும். இது டிஸ்க்குக்குள்ளேயே பதிவாகிறது. கழற்றி எங்கே மாட்டினாலும் கூடவே போகும். ஆனால் சாதாரண டிஸ்க்கில் உள்ளே இருக்கும் ஃபைல்கள் மாறுவதில்லை. டிஸ்க்கின் கன்ட்ரோலர் தர மறுக்கிறது, அவ்வளவுதான். இதை மறந்தால் டேட்டா போனது போனதுதான்னு வைத்துக்கொள்ளுங்க.

பூட்டு 3: என்க்ரிப்ஷன்

உண்மையான பாதுகாப்பு இதுதான். டிஸ்க்கில் இருப்பது எல்லாமே கீ இல்லாதவனுக்கு வெறும் குப்பையாகத் தெரியும். விண்டோஸில் 2007-ல் விஸ்டாவோடு வந்த பிட்லாக்கர், ப்ரோ எடிஷனில் இருக்கு. ஹோம் எடிஷனில், மெஷின் ஏற்றதாக இருந்தால், 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இருக்கும்; புது லேப்டாப்களில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கவும் வாய்ப்பு உண்டு, செட்டிங்ஸில் பாருங்க. லினக்ஸ்காரங்க இன்ஸ்டால் செய்யும்போதே என்க்ரிப்ட் ஆப்ஷனைத் தேர்வு செய்யலாம்.

பிட்லாக்கர் பொதுவாக டிபிஎம் சிப்பில் இருந்து கீயைத் தானே எடுத்துக்கொள்ளும், உங்களிடம் எதுவும் கேட்காது. ஸ்டார்ட்டப்பிலேயே பின் கேட்கணும்னா, குரூப் பாலிசியில் அதற்குத் தனி செட்டிங் இருக்கு.

பழைய கட்டுரைகளில் 'சிஸ்கீ' என்ற ஸ்டார்ட்டப் பாஸ்வேர்டைப் போடச் சொல்வாங்க. அதைத் தேடாதீங்க. 2017-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது.

மூடி வைத்தால் போதாது

மூடியைச் சாத்தினால் லேப்டாப் பெரும்பாலும் ஸ்லீப்புக்குத்தான் போகும். ஸ்லீப்பில் இருந்து எழும்போது பயாஸ் பாஸ்வேர்டு பொதுவாகக் கேட்காது. என்க்ரிப்ஷன் கீயும் ரேமிலேயே இருக்கும். ரேமைக் குளிரவைத்து அந்தக் கீயை எடுக்க முடியும் என்று 2008-லேயே பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். பஸ் ஏறுவதற்கு முன் ஷட் டவுன் செய்யுங்க.

பாஸ்வேர்டு நீளமும் முக்கியம். 4 இலக்க பின் என்றால் மொத்தமே 10,000 வாய்ப்புதான். 8 சின்ன எழுத்து என்றால் 20,000 கோடிக்கு மேல். பிறந்த தேதி, ரோல் நம்பர் வேண்டவே வேண்டாம்.

எந்த வரிசையில் செய்யணும்?

1. முதலில் பேக்கப். எந்தப் பூட்டும் தொலைந்த ப்ராஜெக்ட்டைத் திருப்பித் தராது.
2. பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயைப் பேப்பரில் எழுதி வீட்டில் வைங்க. லேப்டாப் பையிலேயே வைக்காதீங்க!
3. அதற்குப் பிறகுதான் பயாஸில் கை வைக்கணும். பயாஸில் எதையாவது மாற்றினால் பிட்லாக்கர் அந்த ரெக்கவரி கீயைக் கேட்கலாம்.
4. லேப்டாப்பின் சீரியல் நம்பரைக் குறித்து வைங்க. புகார் எழுதும்போது முதலில் தேவைப்படுவது அதுதான். என் ரூம்மேட்டிடம் அது இல்லை. பில்லைத் தேடி அவன் அப்பா வீட்டில் பீரோவையே கவிழ்த்தார்.

இதெல்லாம் செய்துவிட்டால் திருடன் வரமாட்டான் என்று இல்லை. ஆனால் அவன் கைக்குப் போவது ஒரு மெஷின் மட்டும்தான். அதற்குள் இருக்கும் உங்க வீட்டு விஷயம் அவனுக்குப் போகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும், உட்கார்ந்து செய்து முடிச்சிடுங்க.