மூலம் ஒன்று, விளைவும் ஒன்று

கணினி நிரல்களுக்கு இரு வடிவங்கள் உள. மனிதர் எழுதிப் படிப்பது மூலநிரல். தொகுப்பான் அதனை மாற்றித் தர, இயந்திரம் ஏற்று நடத்துவது இயங்குநிரல். நாம் பெறுவது பெரும்பாலும் இரண்டாவதே. அது குறித்த மூலத்திலிருந்துதான் பிறந்தது என்பதற்குச் சான்று யாது?

‘செட்’ என்னும் சிறு கருவியை எடுத்துக்கொள்வோம். பெல் ஆய்வுகூடத்தில் லீ மக்மாஹன் 1973–74இல் இயற்றிய இக்கருவி, கட்டளை வரியில் இட்ட பணிக்கேற்ப, உரையை வரிவரியாகப் படித்துத் திருத்தித் தரும். இதன் குனூ வடிவத்தை, 2003இல் தொடங்கிய நிக்ஸ் முறையிற் பொதியாக்கும் வகையைக் காண்போம்.

முதலில், மூலம் கிடைக்கும் இடமும் அதன் ஷா-256 குறியும் எழுதப்படுகின்றன. பதினறும முறையில் 64 இலக்கங்கள் கொண்ட அக்குறி, மூலத்தில் ஒரு பைற்று மாறினும் முற்றும் வேறாகிவிடும். அடுத்து, தொகுப்பான் முதலிய துணைக்கருவிகள் யாவும் இன்ன பதிப்பென நிர்ணயிக்கப்படுகின்றன. பின்னர், வலைத்தொடர்பற்ற தனிச்சூழலிற் கட்டமைப்பு நிகழும். குறிப்பிற் சொல்லப்படாத கருவி எதுவும் அங்கே புகலாகாது.

இத்துணை செய்தும் விளைவு வேறுபடுவதுண்டு. கட்டமைத்த நேரம் கோப்பிற் பதிந்துவிடும். அடைவின் பெயர் உட்புகும். கோப்புகளின் அகரவரிசையும் கணினியின் மொழியமைப்புக்கேற்ப மாறும். ஆதலின் நேரத்தை ஒரே எண்ணாக நிறுத்துதற்கு ‘சோர்ஸ் டேற் எபொக்’ என்னும் சூழல் மாறி 2015இல் வகுக்கப்பட்டது. அடைவும் மொழியமைப்பும் அவ்வாறே நிலைப்படுத்தப்படுகின்றன. டெபியன் குழுவினரும் 2013 முதல் இத்துறையில் உழைத்து வருகின்றனர்.

இதனால் விளையும் பயன் பெரிது. ஒருவரையொருவர் அறியாத இருவர் வெவ்வேறு நாடுகளிலிருந்து தனித்தனியே கட்டமைத்து, ஒரே குறியைப் பெறுவாராயின், இயங்குநிரலை வழங்குபவரின் சொல்லை மட்டும் நம்பவேண்டிய நிலை அகலும். பரிசோதனையொன்றைப் பிறர் மீண்டும் செய்து அதே முடிவைக் காணுதல் போன்றது இது.

எனினும் இதற்கோர் எல்லையுண்டு. 2024 மார்ச்சில், ‘எக்ஸ்இசெட்’ என்னும் சுருக்கற் கருவியின் மூலப்பொதியிலேயே வஞ்சநிரல் மறைக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. நஞ்சு கலந்த மூலத்தை எத்தனை முறை கட்டமைப்பினும் அதே நஞ்சே வரும். மூலமும் விளைவும் பொருந்துவதை இம்முறை காட்டும். மூலம் நல்லதென்பதைப் படித்தறிவது மனிதர் கடனே.

கணினி பயிலும் மாணவர், சிறு நிரலொன்றை இரு கணினிகளிற் கட்டமைத்து அவற்றின் குறிகளை ஒப்பிட்டுப் பார்ப்பாராக. வேறுபாடு தோன்றின் அதன் காரணத்தைத் தேடுவதே இப்பாடத்தின் தொடக்கமாகும்.