கடைத்தெருவும் குடிநீர்க் குழாயும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

குழாயைத் திருகுகிறோம், தண்ணீர் வருகிறது. வராவிட்டால் அம்மாவிடம் போய்ச் சொல்கிறோம். அத்துடன் நம் கவலை தீர்ந்துவிடுகிறது. அத்தண்ணீர் எவ்வழியே வருகிறது, அவ்வழி பழுதானால் அதனை எப்பொழுது சீர்செய்வது என்பதையெல்லாம் நானும் எண்ணிப் பார்த்தவள் அல்லள். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் பெரியப்பாவின் கடை வாசலில் பள்ளம் தோண்டினார்கள். அதன் பிறகே இதைப் பற்றிக் கேட்டுக் கற்கத் தொடங்கினேன்.

பெரியப்பாவின் கடை சென்னை ஜார்ஜ் டவுனில், காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் நிறைந்த ஒரு தெருவில் இருக்கிறது. செங்குன்றம் ஏரியின் நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் திட்டம் 1872ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1914ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளுடன் நீர் நிலையம் அமைந்தது. அக்காலத்தில் தெருக்களில் பதித்தவை வார்ப்பிரும்புக் குழாய்கள். ஒரு குழாயின் வாயில் மற்றொன்றைச் செருகி, இடைவெளியில் சணல் கயிற்றைத் திணித்து, அதன்மேல் உருக்கிய ஈயத்தை ஊற்றி இணைத்தார்களாம். அவ்வாறு செய்த இணைப்புகள் பல தலைமுறைகளைத் தாங்கின. ஆயினும் பேருந்தும் லாரியும் மேலே ஓட ஓட ஈயம் சற்றே நெகிழ்கிறது. அங்கே கசிவு ஏற்படுகிறது.

தோண்டி எடுத்த பழைய குழாய்த் துண்டொன்றை நான் குனிந்து பார்த்தேன். வெளியே பார்த்தால் என் தலை நுழையும் போலிருந்தது. உள்ளேயோ துரு கொப்புளம் கொப்புளமாகக் கட்டி, நடுவில் என் கை நுழையும் அளவுக்கே வழி இருந்தது! இதைவிடக் கவலை தருவது வேறொன்று. குழாயில் இருபத்துநான்கு மணி நேரமும் நீர் ஓடினால், கசிவு வழியே நீர் வெளியே போகுமேயன்றி வேறெதுவும் உள்ளே வராது. நம் ஊரிலோ சில மணி நேரம்தான் நீர் விடுகிறார்கள். நீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அப்போது பக்கத்துச் சாக்கடை நீர் அதே ஓட்டை வழியே உள்ளே புகுந்துவிடும். வயிற்றுப்போக்கும் மஞ்சட்காமாலையும் பரவுவதற்கு இது ஒரு காரணம். எனவே குழாயை மாற்றத்தான் வேண்டும். அதில் பெரியப்பாவுக்கும் ஆட்சேபணை இல்லை. எப்பொழுது மாற்றுவது என்பதில்தான் சிக்கல்.

ஜார்ஜ் டவுனில் தெருவுக்கு ஒரு வியாபாரம் உண்டு. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதம், நயினியப்ப நாயக்கன் தெருவில் மருந்தும் இரசாயனப் பொருள்களும். ஆகவே தெருவுக்குத் தெரு பஞ்சாங்கமும் வேறு! துணிக்கடைக்குத் தீபாவளிக்கு முந்திய வாரங்கள் உயிர் போன்றவை. நோட்டுப் புத்தகம் விற்பவருக்கு மே மாதமும் ஜூன் முதல் வாரங்களும் பெரிது. நாட்குறிப்பும் காலண்டரும் விற்பவருக்குக் கார்த்திகை, மார்கழி. ரம்ஜானோ ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து வருகிறது. இவை போதாவென்று ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது தோண்டிய பள்ளம் குளமாகிவிடும் என்பதால் சாலையை வெட்டவே தடை விதிப்பதுண்டு.

பெரியப்பாவின் தெருவில் வேலையை ஆடியில் தொடங்கியவர்கள் வியாபாரிகளை எண்ணாமல் தொடங்கவில்லை; எண்ணித்தான் தொடங்கினார்கள். “ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு அப்போது என்ன வியாபாரம் இருக்கப் போகிறது?” என்றாராம் வந்திருந்த அதிகாரி. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆவணி முகூர்த்தத்திற்கு உரிய பத்திரிகையை ஆவணியிலா அச்சிடுவார்கள்? ஆடியில் அன்றோ அச்சிட வேண்டும்! தை மாதக் கல்யாணத்திற்கு மார்கழியிலும், ஐப்பசிக் கல்யாணத்திற்குப் புரட்டாசியிலும் கடையில் கூட்டம் நெரியும். கல்யாணம் இல்லாத மாதங்களே பத்திரிகைக் கடைக்காரருக்கு அறுவடை மாதங்கள். இதை அதிகாரியிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

அந்த ஆடியில் தெருவின் பாதி நீளத்தை ஒரே வீச்சில் தோண்டிப் போட்டார்கள். மீன்பாடி வண்டிகள் உள்ளே வர முடியவில்லை. சுமை தூக்குவோர் காகித ரீம்களைத் தலையில் வைத்துப் பலகைமேல் நடந்து வந்தார்கள். அதற்குக் கூலி இரட்டிப்பு. பெண் வீட்டார் பள்ளத்தைக் கண்டு தெருமுனையிலேயே திரும்பி வேறு கடைக்குப் போய்விட்டார்கள். குழாய் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. பிறகு முனையிலுள்ள வால்வைக் காணோம்! பல முறை தார் போட்டதில் அது சாலைக்கு அடியில் போய்விட்டது. தேடி எடுத்தால் துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. அதனால் பெரிய குழாயையே அடைத்தார்கள். பக்கத்து இரண்டு தெருக்களுக்கும் தண்ணீர் இல்லை. டீக்கடைக்காரரும் மெஸ் வைத்திருந்த அம்மாளும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள். ஏழு வாரம் இப்படியே கழிந்தது. பெரியப்பா கடையில் வேலை செய்த இருவரை ஊருக்கு அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருவர் திரும்பி வரவில்லை.

இந்த வேலைக்கு ஏழு வாரம் வேண்டுமா என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெரு 220 மீட்டர் நீளம் என்று கொள்வோம். இக்காலத்து டி.ஐ. குழாய் ஒன்றின் நீளம் பொதுவாக 5.5 மீட்டர், ஈயம் வேண்டாம், ரப்பர் வளையத்தில் அழுத்திச் செருகினால் போதும். ஆகக் குழாய்கள் 40. ஓர் இரவுக்கு நான்கு குழாய் பதிக்கும் அளவுக்கு, அதாவது 22 மீட்டர் மட்டும் தோண்டி, பதித்து, மூடினால் பத்து இரவில் முடிந்துவிடும். பழைய குழாயை எடுக்காமல் அதன் பக்கத்திலேயே புதியதைப் பதிப்பதால் அதுவரை தண்ணீர் வந்துகொண்டிருக்கும். பின்னர் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பதும், குளோரின் கலந்த நீரை ஒரு நாள் முழுதும் தேக்கிக் கழுவுவதும் உண்டு. அதற்குப் பிறகே வீட்டு இணைப்புகளை ஒவ்வொன்றாகப் புதிய குழாய்க்கு மாற்றுகிறார்கள். 60 இணைப்பு இருந்து நாளுக்கு ஐந்து மாற்றினால் 12 நாள். குழாய் பதிப்பதைவிட இணைப்பு மாற்றவே அதிக நாள் பிடிக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் இதற்குச் சிறு குழிகள் போதும், அன்றன்றே மூடிவிடலாம். இவ்வளவும் நடக்க வேண்டுமானால் குழாய்கள் முதலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். வால்வுகளைச் சோதித்திருக்க வேண்டும். மின்கம்பி எங்கே போகிறது என்று இரண்டொரு சோதனைக் குழி தோண்டிப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இரவில் செய்துவிடலாமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். ஜார்ஜ் டவுனில் இரவும் காலியாக இருப்பதில்லை. பகலில் கனரக லாரிகளுக்கு அனுமதியில்லாததால் சரக்கு இரவில்தான் இறங்குகிறது. கடைகளின் மாடியில் குடும்பங்களும் இருக்கின்றன. கான்கிரீட் உடைக்கும் சத்தத்தில் கைக்குழந்தை எப்படித் தூங்கும்? ஆகவே உடைக்கும் வேலையை இரவு பதினொரு மணிக்குள் முடித்து, சத்தமில்லாத வேலையைப் பின்னிரவுக்கு வைக்கலாம். விடிந்ததும் பள்ளத்தின்மேல் கனத்த இரும்புத் தகடு போட்டால் வண்டியும் ஓடும். லண்டன் மாநகரிலும் விக்டோரியா மகாராணி காலத்து இரும்புக் குழாய்களால் இதே தொல்லைதான். அங்கே 2012ஆம் ஆண்டில் ஒரு முறை கொண்டு வந்தார்கள். முக்கியச் சாலையை நெரிசல் நேரத்தில் அடைத்து வேலை செய்தால், நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை சாலைக்கு வாடகை கட்ட வேண்டும். நெரிசலில்லாத நேரத்தில் செய்தால் வாடகை குறையும், அல்லது இல்லாமலே போகும். பள்ளத்தைத் திறந்து வைப்பதற்கு ஒரு விலை உண்டு என்று ஆகிவிட்டால், குழாய் வராமல் யாரும் தோண்டமாட்டார்கள் அல்லவா?

நம் தெருவின் மறுபாதி இவ்வாண்டுக்கு என்று வைத்திருந்தார்கள். பெரியப்பாவும் மற்ற வியாபாரிகளும் ஒரு முழுத்தாளில் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் கட்டம் போட்டு, எந்த மாதம் யாருக்கு வியாபாரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கட்டம் போட்டது நான்தான்! ஆனி, ஆவணி, கார்த்திகை மூன்றும் பத்திரிகைக் கடைகளுக்கு மந்தமானவை. ஆனியின் தொடக்கத்தில் நோட்டு வியாபாரம் ஓயவில்லை, கார்த்திகையில் மழை. எஞ்சியது ஆவணி ஒன்றே. புரட்டாசியில் திருப்பதிக் குடை ஊர்வலம் அந்தப் பக்கம் வரும் என்பதால் அதற்கு முன் முடித்தாக வேண்டும் என்றும் எழுதினோம். புதிதாக வந்திருந்த பொறியாளர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் என்று நினைத்தோம். ஆனால் ஆடிக் கடைசியில் குழாய்கள் லாரியில் வந்து தெருமுனையில் இறங்கின. ஆவணி இரண்டாம் நாள் தோண்டினார்கள். நடுவில் மூன்று நாள் மாலை மழையால் வேலை நின்றது. அப்படியிருந்தும் 29 நாளில் கடைசி இணைப்பும் மாறிவிட்டது. மெஸ் அம்மாளுக்குத் தண்ணீர் இல்லாத நேரம் ஒரே ஒரு பிற்பகல்.

தார் மட்டும் இன்னும் போடவில்லை. நிரப்பிய மண் ஒரு மழைக்காலம் அமிழ்ந்த பிறகே போட வேண்டுமாம். கடை வாசலில் நான்கு விரல் ஆழம் இறங்கியிருக்கிறது. பெரியப்பா அதில் ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்.