எழுத்தில்லாத துப்பாக்கி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. உத்திரமேரூர் வீட்டைப் பாகம் பிரிக்கும்போது பரண்மேல் கோணியில் சுற்றியபடி கிடைத்த துப்பாக்கியில் ஓர் எழுத்துகூட இல்லை, எந்தக் காலத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன்னால், இனி யாரும் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடு. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைச் சுட்டுத்தான் சுலபமாகக் காலி செய்ய முடியும். அதனால் கெட்டித்தபடியே மூலையில் சாத்திவைத்த வீடுகள் உண்டு. ஈரம் படாத கருமருந்து நூறு வருஷம் கழித்தும் பற்றும். குழலுக்குள் குளவிக்கூடுதானே இருக்கிறது என்று கம்பி விட்டுக் குடையாதே.

கல்வெட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன் நீ. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகளைப் படித்தால் ஆண்டு தெரிந்துவிடும். எழுத்தே இல்லாத கோயிலுக்கும் காலம் சொல்கிறார்கள் அல்லவா? புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ராய், தூணின் மேலுள்ள போதிகையின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறுவதைக் கவனித்து, 1914இல் வெளியிட்ட நூலில் அதையே காலக்கணக்குக்கு அளவுகோல் ஆக்கினார். துப்பாக்கியில் அந்தப் போதிகையின் இடத்தில் இருப்பது, மருந்துக்குத் தீ மூட்டும் பொறி.

மிகப் பழையது திரித் துப்பாக்கி. கனலும் திரியை ஒரு கொக்கி பிடித்திருக்கும். விசையை இழுத்தால் குழலின் பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் மருந்தில் அது இறங்கும். அடுத்தது சக்கிமுக்கிக் கல் வைத்தது. இதில், விசையை இழுத்தால் விழும் குதிரை என்ற உறுப்பின் வாய் கல்லைக் கவ்வியிருக்கும். மூன்றாவது கேப்புத் துப்பாக்கி. உன் படத்தில் குதிரையின் தலை சுத்தியல் மாதிரி மழுங்கியிருக்கிறது. அது விழும் இடத்தில் காம்பு போல ஒரு சிறு குழாய் நிற்கிறது. அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோக மூடியான கேப்பைச் செருகுவது அதில்தான்.

திப்பு வெள்ளைக்காரப் படையை அழித்த புள்ளலூர்ச் சண்டையில் பிடுங்கியது இது என்று உன் தாத்தா சொல்வதாக எழுதியிருக்கிறாய். அந்தச் சண்டை நடந்தது 1780 செப்டம்பரில். கேப்பு புழக்கத்துக்கு வந்ததே 1820களுக்கு மேல்தான். ஆங்கிலப் படை 1840ஐ ஒட்டித்தான் அதற்கு மாறியது. ஆகவே தாத்தாவின் கதை பொருந்தாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் கேப்புக்கு மாற்றினார்கள். பொறியின் இரும்புத் தகட்டில், கிண்ணத்தைக் கழற்றிவிட்டுத் துளைகளை அடைத்த தடம் தெரிகிறதா என்று தொடாமல் பார். தெரிந்தால் தாத்தாவை அவசரப்பட்டு மறுக்காதே.

பிறகு அளவு. குழல் 39 அங்குலமும் வாய் ஏறக்குறைய 19 மில்லிமீட்டரும் இருந்தால், கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்கள் தோளில் சுமந்த மஸ்கட்டாக இருக்கலாம். அதன் தகட்டில் இதய வடிவக் கும்பினி முத்திரையோ, பிற்காலத்ததாக இருந்தால் எழுந்து நிற்கும் சிங்கமோ இருக்கும். துரு மூடினால் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடி, மங்கிய வெட்டும் நிழல் காட்டும். குழல் மெல்லியதாக, வாய் 18.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் ‘பன்னிரண்டு போர்’ (12 bore) எனப்படும் வேட்டைத் துப்பாக்கி. அந்தக் குழலுக்குப் பொருந்தும் ஈயக்குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதால் வந்த பெயர் அது. பர்மிங்காமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் செய்தவை மதராஸ் மவுண்ட் ரோடு கடைகள் வழியாக இங்கே வந்தன. கடிகாரக் கடையாக நாம் அறிந்த பி.ஆர் அண்ட் சன்ஸும் துப்பாக்கி விற்றது. பர்மிங்காம், லியேஜ் துப்பாக்கிகளின் சோதனை முத்திரைகள் பெரும்பாலும் குழலின் அடிப்பக்கத்தில், கட்டைக்குள் மறைந்திருக்கும். கட்டையைக் கழற்றிப் பார்க்காதவரை முத்திரை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கழற்ற வேண்டியது போலீஸ் ஆயுதப் பிரிவின் கைதேர்ந்த ஆள், நீயல்ல.

கழற்றியும் ஒன்றும் இல்லையென்றால், உள்ளூர்க் கொல்லர் கைவேலையாக இருக்கலாம். அப்போது குழல்தான் சாட்சி. இரும்புப் பட்டையைச் சுற்றிக் காய்ச்சி அடித்ததா, கடையில் வாங்கிய பைப்பா என்று பார்க்க வேண்டும். பைப் என்றால் வயது குறைவு. கேப்புத் துப்பாக்கியை அண்மைக் காலம் வரை நம் பக்கத்தில் செய்துகொண்டுதான் இருந்தார்கள். கொல்லர் செய்ததென்றால் மதிப்பில்லை என்று நினைக்காதே. கும்பினி மஸ்கட் உலகமெங்கும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. உங்கள் வயலில் பன்றி விரட்டிய துப்பாக்கி ஒன்றுதான் இருக்கிறது, எனக்கு அதுவே பெரிது. எதைச் சுட்டார்கள், மருந்து எங்கே வாங்கினார்கள் என்று தாத்தாவிடம் கேட்டு எழுதிவை.

துடைக்காதே. பித்தளைப் பூண் பளபளக்க வேண்டும் என்று புளி போட்டால் மிச்சமிருக்கும் முத்திரையும் போய்விடும். உப்புத்தாள் அதைவிடக் கேடு.

இனி சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். குடகில் கொடவர்களுக்கு விலக்கு உண்டு, நமக்கு இல்லை. பழமையான ஆயுதத்துக்கு விலக்கு இருக்கிறது; ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே. அதை முடிவு செய்வது நீயோ நானோ அல்ல. 1878லேயே லைசென்ஸ் முறை வந்துவிட்டதால், கொள்ளுத்தாத்தாவின் இரும்புப் பெட்டியில் பழைய லைசென்ஸ் கிடக்கிறதா என்று தேடு. கிடைத்தால் நான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதுவே நல்ல சாட்சி. வாரிசு என்ற முறையில் கலெக்டரிடம் விண்ணப்பிக்கவும் அது உதவும். பழம்பொருள் வாங்குகிறோம் என்று யாராவது வந்தால் பேச்சே வேண்டாம். நூறு வருஷம் தாண்டிய பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்காவிட்டால், எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் அங்கேதான் இருக்கின்றன.

நாளைக்கே தாத்தாவை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போ. துப்பாக்கி பரண்மேலேயே இருக்கட்டும். மனுவை மட்டும் எடுத்துப் போய்க் கொடுத்து, அவர்களை வீட்டுக்கு வரச் சொல். மனுவுக்கு ரசீது வாங்க மறக்காதே.

அன்புடன்,
அண்ணன்