நூறு மீட்டர் எல்லை

தேர்தல் நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. ஆயினும், வாக்குச்சாவடிக்கு முன் சுண்ணாம்புத் தூளால் இடப்படும் கோட்டின் பொருளை ஆராய்ந்தோர் சிலரே. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

எம்.ரெட்டியபட்டியும் சுற்றுக் கிராமங்களும் வானம் பார்த்த பூமி. மழை தவறினால் விதைக்கும் கடன், வயிற்றுக்கும் கடன். நெசவாளர் நூலுக்கு முன்பணம் வாங்குகிறார். மிளகாய் விவசாயி மண்டியில் முன்பணம் வாங்குகிறார். கடன் கொடுத்தவரே ஓட்டும் கேட்டு வந்தால், முகத்துக்கு நேரே மறுப்பது எளிதா? மறுக்க வேண்டிய நிர்ப்பந்தமே இல்லாமற் செய்வதுதான் ரகசிய ஓட்டு. இங்கிலாந்தில் 1872 வரை பார்லிமெண்டுத் தேர்தலில் எல்லோரும் கேட்க வாயாற் சொல்லியே ஓட்டளித்தனர். நிலச்சுவான்தாரின் விருப்பத்துக்கு மாறாக ஓட்டளித்த குடியானவர் நிலத்தை இழந்ததும் உண்டு. அவ்வாண்டுச் சட்டமே ரகசிய ஓட்டைக் கொணர்ந்தது.

நம் நாட்டில் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் நடக்கும் தேர்தல்களில் இந்தச் சுதந்திரத்தைக் காப்பது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதனையும் அதையொட்டிய விதிகளையும் சுருக்கமாகக் கூறுவோம்.

1. ஓட்டுப் பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் பொதுக்கூட்டமோ ஊர்வலமோ கூடாது.

2. ஓட்டுப் பதிவன்று சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பது குற்றம். 'ஓட்டே போடாதே' எனத் தடுப்பதும் அவ்வாறே. இடம் சொந்த வீட்டுத் திண்ணையாயினும் விலக்கில்லை. அபேட்சகர்களின் பந்தலும் 100 மீட்டருக்கு அப்பால்தான் இருக்கலாம். அங்கே தரும் சீட்டில் சின்னமோ பெயரோ இருத்தலாகாது.

3. சாவடியருகே ஒலிபெருக்கி வைத்தோ கூச்சலிட்டோ தொல்லை தருவோருக்கு மூன்று மாதம் வரை சிறையுண்டு.

4. ஓட்டுக்குப் பணம் கொடுப்பவர் மட்டுமன்றி, வாங்குபவரும் குற்றவாளியே. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

5. அபேட்சகர் வாக்காளரைச் சாவடிக்கு இலவச வண்டியில் ஏற்றிச் செல்லலாகாது. வாக்காளர்கள் தங்களுக்குள் செலவைப் பகிர்ந்து மாட்டுவண்டி அமர்த்திச் செல்லலாம். சொந்தச் செலவில் பஸ்ஸிலும் செல்லலாம்.

6. கண்பார்வையற்றோரும் உடல் தளர்ந்தோரும் 18 வயது நிரம்பிய துணை ஒருவரை அழைத்துச் செல்லலாம். ஒரு துணை அன்று ஒருவருக்கு மேல் துணை நிற்கலாகாது. ஊரிலுள்ள முதியோர் ஓட்டையெல்லாம் ஒரே ஆள் போட்டுவிடக்கூடாதென்பதே இதன் நோக்கம்.

7. உங்கள் பெயரில் வேறொருவர் முன்னரே ஓட்டளித்திருந்தால், மனமுடைந்து திரும்பாதீர்கள். சாவடித் தலைமை அதிகாரியிடம் முறையிட்டு, நீங்களே உரியவர் என்று நிரூபித்தால், தனி ஓட்டுச் சீட்டு பெறலாம்.

"யாருக்குப் போட்டாய் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்" என்று மிரட்டுவோர் சொல்லை நம்பவேண்டாம். இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியதும் வரும் சீட்டு ஏழு விநாடி கண்ணாடி வழியே தெரிந்து, பெட்டிக்குள்ளேயே விழுகிறது, கைக்கு வருவதில்லை. உள்ளே செல்போன் கொண்டுசெல்லவும் படம் எடுக்கவும் தடையிருப்பதும், வெளியே காட்ட அத்தாட்சி எதுவும் இருக்கக்கூடாதென்பதற்கே. நீதிமன்றத்திற்கூட, "யாருக்கு ஓட்டளித்தாய்?" என்று சாட்சியைக் கட்டாயப்படுத்திக் கேட்க இயலாது.

கடன் பட்ட கையையும் சுதந்திரக் கையாக்கவே நாம் சங்கம் அமைத்தோம். நூலும் விதையும் உரிய விலைக்குக் கிடைத்து, விளைச்சல் உரிய விலைக்குப் போனால், ஓட்டுக் கேட்டு வருபவருக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அந்த நிலை வரும்வரை நமக்குக் காவல் அந்தச் சுண்ணாம்புக் கோடு. அதனை மற்றவர் மீறலாகாது, நாமும் மீறலாகாது.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க:

அ. நமக்கு வேண்டியவரே 100 மீட்டருக்குள் நின்று ஓட்டுக் கேட்டால், நாம் என்ன செய்வோம்?

ஆ. சாவடிக்கு நடக்க இயலாத அங்கத்தினர்கள் எத்தனை பேர்? செலவைப் பகிர்ந்து வண்டி அமர்த்த அவர்களுக்கு ஏற்பாடு உண்டா?

இ. நம் சங்கத் தேர்தலில் இதே ஒழுங்கைக் காக்கிறோமா?