பத்து வீட்டுக்கு மூன்று கார் போதுமா?

கார் என்பது என்ன செய்யும் பொருள் என்று கேட்டால், "ஓடும் பொருள்" என்று உடனே சொல்வீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறு விதமாக வரும்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால், முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டியதும் கோவளம் வரும். பழைய மீன்பிடி ஊர். 2021ஆம் ஆண்டில் இதன் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. இவ்வூரில் ஒரு குடும்பத்தார் கார் வைத்திருப்பதாகக் கொள்வோம். கேளம்பாக்கத்துக்கும், எப்போதாவது சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் போய் வருகிறார்கள். சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கார் ஓடுகிறது. வாரத்துக்கு 7 மணி நேரம். ஒரு வாரத்தில் இருப்பதோ 168 மணி நேரம். 7ஐ 168ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 சதவீதம். மீதி 96 சதவீத நேரம் கார் சும்மா நிற்கிறது! நிற்பதற்கும் இடம் வேண்டும். 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் என்றால் 12.5 சதுர மீட்டர். பல வீடுகளில் ஓர் அறையே இவ்வளவுதான் இருக்கும்.

அப்படியானால் பல வீட்டார் சேர்ந்து ஒரு காரைப் பயன்படுத்தலாமே? அதனால் மிச்சம் எவ்வளவு? சிக்கல் என்ன? இவற்றை இரண்டு எளிய கணக்குகளால் ஆராய்வோம்.

முதற் கணக்கு: ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

காருக்கு ஆகும் செலவு இரண்டு வகைப்படும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு ஒன்று. இதனை நிலைச் செலவு என்போம். ஓடினால் மட்டும் ஆகும் செலவு மற்றொன்று. இது ஓட்டச் செலவு.

ஒரு காரின் விலை 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டுகள் கழித்து விற்றால் 1 லட்சம் கிடைக்கிறது. ஆகவே மதிப்பில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் தேய்கிறது. காப்பீடு, பராமரிப்பு ஆகியவற்றுக்கு 25,000 ரூபாய். கடன் வட்டிக்கு 25,000 ரூபாய். மொத்த நிலைச் செலவு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 20 கி.மீ. ஓடும் என்றால், ஓட்டச் செலவு கி.மீட்டருக்கு 5 ரூபாய்.

இப்போது ஆண்டுக்கு எத்தனை கி.மீ. ஓடுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுவதைப் பாருங்கள்.

4,000 கி.மீ. ஓடினால்: 25 + 5 = கி.மீட்டருக்கு ரூ. 30
10,000 கி.மீ. ஓடினால்: 10 + 5 = ரூ. 15
20,000 கி.மீ. ஓடினால்: 5 + 5 = ரூ. 10

இதை வரைபடமாக வரைந்தால், முதலில் செங்குத்தாக இறங்கிப் பிறகு படுத்துக்கொள்ளும் வளைகோடு கிடைக்கும். கணிதத்தில் இதற்கு அதிபரவளைவு என்று பெயர். ஆண்டுக்கு 4,000 கி.மீ. மட்டும் ஓட்டும் ஐந்து வீட்டார் தனித்தனியே ஐந்து கார் வாங்கினால் ஒவ்வொருவரும் வளைகோட்டின் உச்சியில் நிற்கிறார்கள். ஒரே காரைச் சேர்ந்து ஓட்டினால் ஐவரும் கீழே இறங்கி வந்துவிடுகிறார்கள்.

"அதிகம் ஓடும் கார் விரைவில் தேயாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தேயும். அதனால் நிலைச் செலவு 1 லட்சம் அன்று, 1,35,000 ரூபாய் என்றே கொள்ளுங்கள். அப்போதும் கி.மீட்டருக்கு ஏறத்தாழ 12 ரூபாய்தான் ஆகிறது. 30 எங்கே, 12 எங்கே! அதே சமயம், தாமே ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓட்டும் ஒருவருக்குப் பகிர்வதால் பெரிய ஆதாயம் இல்லை என்பதையும் இக்கணக்கே சொல்கிறது. அவருக்குச் சொந்தக் கார்தான் பொருந்தும். மாதத் தவணையைக் கட்டிக்கொண்டு, வாரம் ஒருமுறை காரை எடுக்கும் குடும்பமே இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அத்தவணைப் பணம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாக இருக்கக்கூடும் அல்லவா?

இரண்டாம் கணக்கு: எத்தனை கார் போதும்?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். நமக்கு வேண்டிய நேரத்தில் அடுத்த வீட்டாருக்கும் வேண்டியிருந்தால் என்ன செய்வது?

பத்து வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டாருக்கும் பத்து மாலைகளில் ஒரு மாலைதான் கார் தேவைப்படுகிறது. ஒருவர் தேவை மற்றவர் தேவையைச் சார்ந்ததன்று. குறிப்பிட்ட ஒரு மாலையில் ஒரு வீட்டுக்குக் கார் வேண்டாம் என்பதற்கான நிகழ்தகவு 0.9. பத்து வீட்டுக்குமே வேண்டாம் என்பதற்கு 0.9ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை 0.35. அதாவது நூறு மாலைகளில் 35 மாலைகள் ஒரு கார்கூடத் தேவையில்லை! இவ்வாறே மற்றவற்றையும் கணக்கிட்டால் நூறு மாலைகளில்:

ஒரு காரும் வேண்டாதவை: 35
ஒரு கார் வேண்டியவை: 39
இரண்டு கார் வேண்டியவை: 19
மூன்று கார் வேண்டியவை: 6
நான்கும் அதற்கு மேலும் வேண்டியவை: ஏறத்தாழ 1

ஒரே கார் இருந்தால் நூற்றில் 26 மாலைகள் யாரேனும் ஒருவர் ஏமாந்து போவார். இரண்டு கார் இருந்தால் 7 மாலைகள். மூன்று இருந்தால் ஒரே ஒரு மாலை. பத்துக் காருக்குப் பதில் மூன்று போதும்! வீடுகள் பெருகினால் மிச்சம் இன்னும் கூடும். முப்பது வீட்டுக்கு ஒன்பது கார் வேண்டும் என்று நினைப்பீர்கள். அதே கணக்கைப் போட்டால் ஏழே போதும் என்று வருகிறது.

இக்கணக்குப் புதிதன்று. டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் எர்லாங் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியபோது, இத்தனை சந்தாதாரர்களுக்கு எத்தனை இணைப்புக் கம்பிகள் போதும் என்பதை நிகழ்தகவு கொண்டு ஆராய்ந்து வெளியிட்டார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. உங்கள் தெரு மின்மாற்றியும் இதே முறையில்தான் அமைக்கப்படுகிறது. எல்லா வீட்டு விளக்கும் விசிறியும் மோட்டாரும் ஒரே நொடியில் ஓடா என்ற நம்பிக்கையில், மொத்தச் சுமையைவிடக் குறைந்த திறனுள்ள மின்மாற்றியை வைக்கிறார்கள்.

நடைமுறையில் கார்ப் பகிர்வு நடந்ததுண்டா? உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1948ஆம் ஆண்டு, தனித்தனியே கார் வாங்க வசதியில்லாத மக்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகக் கூடி இதைத் தொடங்கினார்கள். அந்நாட்டில் 1997இல் இரண்டு சங்கங்கள் இணைந்து உருவான 'மொபிலிட்டி' என்னும் கூட்டுறவு அமைப்பு இன்று ஏறத்தாழ 3,000 கார்களை வைத்திருக்கிறது. பயன்படுத்துவோர் இரண்டு லட்சத்துக்கும் மேல். தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும், 1997இல் என்.டி.யு.சி. இன்கம் என்னும் கூட்டுறவுக் காப்பீட்டுச் சங்கம் கார்ப் பகிர்வைத் தொடங்கியது. அங்கே 1990 முதல் கார் வாங்குவோர் 10 ஆண்டுகளுக்கு உரிமைச் சான்று ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். நிலைச் செலவு மலைபோல் உயர்ந்தால் பகிரும் எண்ணம் தானே வரும் என்பதற்கு இது சான்று.

எல்லோருக்கும் ஒரே நாளில் வேண்டுமென்றால்?

"ஒருவர் தேவை மற்றவர் தேவையைச் சார்ந்ததன்று" என்று மேலே ஒரு நிபந்தனை சொன்னோம். கணக்கு முழுவதும் அந்த ஒரு வரியின்மேல்தான் நிற்கிறது. கோடை இரவில் எல்லா வீட்டிலும் குளிர்சாதனம் ஓடினால் மின்மாற்றி திணறுவது ஏன்? அந்நிபந்தனை உடைந்துவிட்டது.

காருக்கும் அப்படியே. நல்ல முகூர்த்த நாள், பொங்கல் விடுமுறை, பள்ளி தொடங்கும் காலை நேரம் ஆகியவற்றில் எல்லோர் தேவையும் ஒன்றாக வரும். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. கடலோர ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் பாதுகாப்பான இடம் தேடும் அத்தகைய இரவில், பத்து வீட்டுக்கு மூன்று கார் என்ற கணக்குச் செல்லாது. அங்கே வேண்டியது பெரிய பேருந்து.

நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால்? இதற்காகக் கார் வாங்கி வைப்போர் உண்டு. ஆனால் 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் ஊருக்கே பொதுவான வண்டிதானே! எந்த வீட்டாரும் தமக்கென்று ஓர் ஆம்புலன்ஸ் வாங்கி நிறுத்துவதில்லை. எல்லோருக்கும் ஒரே இரவில் நோய் வருவதில்லை என்ற அதே கணக்குத்தான் அங்கும் வேலை செய்கிறது.

அடுத்தடுத்தா, சேர்ந்தா?

பகிர்வதில் இரண்டு முறைகள் உண்டு. இவ்வளவு நேரம் பார்த்தது ஒருவர் பின் ஒருவராகப் பகிர்வது. கோவளம் வட்டாரத்து மாணவர்கள் நன்கு அறிந்தது ஷேர் ஆட்டோ. அதில் பலர் சேர்ந்து அமர்கிறார்கள். இரண்டுக்கும் இயற்பியலில் பெரிய வேறுபாடு உண்டு.

1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் சமதளச் சாலையில் செல்லும்போது, உருளல் உராய்வுக் கெழு 0.01 என்று கொண்டால், உராய்வு விசை 0.01 × 1,000 × 9.8 = 98 நியூட்டன். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஏறினால் கூடுவது ஏறத்தாழ 6 நியூட்டன். ஆகவே மொத்தம் 104 நியூட்டனில் 98 நியூட்டன் காரை இழுக்கவே செலவாகிறது! நால்வர் ஏறினால் மொத்தம் 122. ஆளுக்கு ஏறத்தாழ 30 நியூட்டன்தான். காற்றின் தடையோ ஒருவர் ஏறினாலும் நால்வர் ஏறினாலும் மாறுவதில்லை.

எனவே ஒருவர் பின் ஒருவராகப் பகிர்ந்தால் கார்களின் எண்ணிக்கையும் நிறுத்தும் இடமும் குறையும். ஆனால் கி.மீட்டருக்கு எரியும் பெட்ரோல் குறையாது. சேர்ந்து ஏறினால்தான் பெட்ரோல் குறையும். இதை மறத்தல் ஆகாது.

சேர்ந்து ஏறுவதற்கும் ஒரு விலை உண்டு. அதுதான் காத்திருத்தல். ஆறு பேர் சேர்ந்தால் புறப்படும் ஷேர் ஆட்டோவுக்கு 2 நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார் என்போம். முதலில் ஏறியவர் 10 நிமிடம் காத்திருப்பார். இரவில் 10 நிமிடத்துக்கு ஒருவர்தான் வருகிறார் என்றால், அவர் 50 நிமிடம் காத்திருக்க வேண்டும்! இரவு ஏற ஏற ஷேர் ஆட்டோ அரிதாவதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

வண்டிக்கும் ஒரு பங்கு

கணக்குச் சரியாக இருந்தாலும் மனிதர் சரியாக நடந்தால்தான் பகிர்வு நிலைக்கும். பெட்ரோல் போடுவது யார்? கீறல் விழுந்தால் செலவு யாருடையது? கோவளம் போன்ற மீனவ ஊர்களில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் பழகி வருகிறது. கடலுக்குச் சென்று வந்ததும் எரிபொருள் செலவைக் கழித்துவிட்டு, மீன் விற்ற பணத்தைப் பங்கு பிரிப்பார்கள். சென்றவர்களுக்கு மட்டுமன்றிப் படகுக்கும் வலைக்கும்கூடப் பங்கு உண்டு. கார்ப் பகிர்வுக்கும் இவ்விதி ஏற்றதே. ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வண்டியின் பங்கைத் தனியே எடுத்து வைத்தால், பழுது வரும்போது சண்டை வராது.

நம் நாட்டில் சட்டத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துள்ள சொந்தக் காரை வாடகைக்கு விடக்கூடாது. வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டும் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். அத்தொழிலுக்கென 1989இல் மத்திய அரசு வகுத்த திட்டம், உரிமம் பெறக் குறைந்தது 50 கார்கள் வேண்டும் என்று விதித்தது. எனவே பத்து வீட்டார் ஒரு கார் வாங்கி வாடகை வண்டியாக நடத்திவிட முடியாது. அவ்வப்போது முறையான வாடகைக் காரை எடுப்பதும், ஒரே திசையில் செல்வோர் செலவைப் பகிர்ந்து ஒரே வண்டியில் ஏறுவதும் எளிய வழிகள்.

ஆகவே தேவைகள் சிதறி வரும் இடத்தில் காரைப் பகிரலாம். ஒன்றுகூடி வரும் இடத்தில் பேருந்தைத்தான் பகிர வேண்டும். நல்ல பேருந்தும் ஷேர் ஆட்டோவும் உள்ள ஊரில்தான் கார்ப் பகிர்வும் வேரூன்றும்.

செய்து பாருங்கள்

1. பத்துத் துண்டுச் சீட்டுகளில் ஒன்றில் மட்டும் புள்ளி வைத்து, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து மீண்டும் உள்ளே போடுங்கள். இப்படிப் பத்து முறை எடுத்தால் பத்து வீடுகளின் ஒரு மாலை. புள்ளி எத்தனை முறை வந்ததோ அத்தனை கார் தேவை. ஐம்பது மாலைகள் செய்து, மேலே தந்த பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

2. வாடகைக் காருக்குக் கி.மீட்டருக்கு 20 ரூபாய் என்றால், ஆண்டுக்கு எத்தனை கி.மீட்டருக்குமேல் ஓடினால் முதற் கணக்கிலுள்ள சொந்தக் கார் ஆதாயம்? (விடை: ஏறத்தாழ 6,667 கி.மீ. அதாவது நாளொன்றுக்கு 18 கி.மீ.)

3. உங்கள் வீட்டில் கார் இருந்தால், ஒரு வாரம் அது ஓடிய நேரத்தைக் குறித்து வாருங்கள். கார் வாங்கும் பேச்சு நடந்தால், முதற் கணக்கை உங்கள் வீட்டு எண்களைக் கொண்டு போட்டுப் பெற்றோரிடம் காட்டுங்கள்.